அத்தை காலில் இருந்த மணிச்சரம்

என் மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு மணிச்சரம் கிடக்கிறது. கொண்டைக்கடலையைவிடச் சிறிய, மங்கிய வெள்ளை மணிகள். அளவெடுத்துச் செய்தவை அல்ல. சில நல்ல உருண்டை, சில ஒரு பக்கம் விரல் பட்டு நசுங்கியவை. கோத்திருப்பது நூலில் அல்ல, மெல்லிய எஃகுக் கம்பியில். பேனா தேடி இழுப்பறையைத் திறக்கும் மாணவிகள் இதைக் கண்டதும் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைக் கழுத்தருகே வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டே, "அக்கா, எந்த ஊர்ல வாங்குனீங்க?" என்றாள். "வாங்கல. எங்க அத்தையோட கால் எலும்புக்குள்ள இருந்துச்சு" என்றேன். மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் போய், சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். அன்று மாலை ஃபோனில் அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. "நல்ல பொண்ணுடி, சுத்தமா இருக்கு. பத்திரமா வெச்சிக்கோ" என்றார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாதனூரில் எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டவர். ஏன் என்று கேட்டவர்களிடம் "டைம் இல்ல" என்பார். அதில் பாதி உண்மை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் அவருக்கு வேலை. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். கால் விரல்களை மூடும் இடத்திலும் கணுக்காலைச் சுற்றும் இடத்திலும் தோல் வளைந்து வளைந்து போகும், அந்த வளைவில் தையல் ஒரு நூல்கூட விலகக்கூடாது. பார்ப்பவர்கள் எல்லாம் தையல்காரியின் கையைத்தான் பார்ப்பார்கள். அத்தை அதை ஒப்புக்கொள்ளமாட்டார். "கை சும்மா தோல புடிச்சிக்கும். தையல் கால்ல இருக்குதுடி" என்பார். மெஷினுக்குக் கீழே உள்ள பெடலை முன்பாதத்தால் அழுத்தினால் மோட்டார் ஓடும், குதிகாலைப் பின்னால் சாய்த்தால் நிற்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் என்பது வலது பாதத்துக்கு மட்டும் தெரிந்த கணக்கு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும், சர்ச்சில் பிரசங்கம் நீளும்போதும், அவருடைய வலது பாதம் தரையில் மெல்ல அழுந்தி எழுந்துகொண்டிருக்கும். அந்தக் கால்தான் உடைந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நெடுஞ்சாலையைக் கடந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மோதிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, ரோட்டோர மண்ணில் பட்டிருக்கிறது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு கூடிற்று. புண்ணும் மூடிற்று. ஆறு மாதம் கழித்து, மூடிய இடத்தில் ஒரு சின்னக் கட்டி வந்து உடைந்தது. அதிலிருந்து சீழ் வந்தது. அதன் பிறகு அது நிற்கவில்லை. மாத்திரை தின்றால் குறையும், விட்டால் வரும். சில சமயம் சீழோடு கடுகளவு எலும்புத் துணுக்கும் வந்து விழும்.

டாக்டர் எங்களுக்குப் புரியும்படியே சொன்னார். எலும்புக்குள் ஒரு பகுதி செத்துக் கிடக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தில் கலந்த மருந்து எப்படிப் போகும்? கிருமி அங்கே வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. எனவே திறந்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் மருந்தை நேரே வைக்கவேண்டும். அதற்குத்தான் இந்த மணிகள். எலும்பு ஒட்டப் பயன்படும் ஒருவகை சிமென்ட்டில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து, அது இறுகுவதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலேயே கையால் உருட்டிக் கம்பியில் கோப்பார்கள். மணியிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிந்து தீர்ந்த பிறகு மணி வெறும் சிமென்ட். அது கரையாது, எலும்பாகவும் மாறாது. உள்ளேயே கிடந்தால் அதன் மேலேயே கிருமி ஒட்டிக்கொள்ளும். ஆகவே மறுபடி திறந்து உருவி எடுக்கவேண்டும். எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே இருக்கும். அதை நிரப்ப இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டி வைப்பார்கள். ஒரு கால் புண்ணுக்காக இடுப்பிலும் ஒரு புண். அத்தைக்கு எல்லாம் நடந்தது. உருவி எடுத்த சரத்தை, தியேட்டர் சிஸ்டரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு பவுடர் டப்பாவில் வைத்துக்கொண்டார். "எனக்கு டாக்டர் போட்ட நகை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒரு வருடம் நன்றாக இருந்தார். பிறகு பழைய இடத்திலேயே மீண்டும் கட்டி வந்தது.

சீழ் வைத்த எலும்புக்கு ஒரு நாற்றம் உண்டு. ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பாலாற்றோரம் வளர்ந்தவர்களுக்கு நாற்றம் பெரிய விஷயமில்லை. தோல் பதனிடும் டேனரிகளால் ஊருக்கே ஒரு வாடை இருக்கிறது, அதில்தான் சாப்பிட்டோம், தூங்கினோம். ஆனால் இது வேறு. கம்பெனி பஸ்ஸில் அத்தை கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார். சர்ச்சில் கடைசி பெஞ்ச். போதகரின் மனைவி முன்னால் வந்து உட்காரச் சொன்னபோது, "ஆண்டவருக்கு என் நாத்தம் பழகிடுச்சும்மா. உங்களுக்குத்தான் பேஜாரு" என்று சொல்லிவிட்டார். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 

படிப்பு முடிந்ததும் எனக்கு வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. வேலைக்குப் போன முதல் வாரத்தில்தான் தெரிந்தது, அங்கே செய்துகொண்டிருந்தது அத்தையின் காலுக்கான பொருள் என்று. நான் திட்டம் போட்டுச் சேரவில்லை. அப்பா அதைக் கடவுளின் ஏற்பாடு என்றார். அத்தை, "அப்படின்னா முன்னாடியே பண்ணியிருக்கலாமே, இன்னாத்துக்கு லேட்டு" என்றார்.

ஆய்வுக்கூடத்தின் தலைவியை நாங்கள் மேடம் என்போம். அரக்கோணத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். தினமும் அங்கிருந்து ரயிலில் வந்து போவார். பேச்சு குறைவு. பாராட்டு அதைவிடக் கம்மி. அவருடைய யோசனை சொல்வதற்கு எளிது. நம் தோலும் மாட்டுத்தோலும் எலும்பும் அடிப்படையில் ஒரே நார்ப் புரதத்தால் ஆனவை. அந்த நாரில் சுண்ணாம்புச் சத்து ஏறினால் எலும்பு. அந்த நாரை மட்டும் பிரித்தெடுத்து, எலும்பில் உள்ள உப்பைப் பொடியாகச் சேர்த்து, மருந்தும் கலந்து, தட்டில் ஊற்றி உறையவைத்து, உறைந்தபடியே ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால், வெள்ளை வெளேரென்று ஒரு ஸ்பான்ஜ் கிடைக்கும். இட்லியைப் பிட்டால் தெரிவதுபோல உள்ளெல்லாம் ஓட்டை. இதைச் சுரண்டிய பள்ளத்தில் வைத்துத் தைத்துவிடலாம். மருந்து கசிந்து கிருமியைக் கொல்லும். ஓட்டைகளுக்குள் எலும்புச் செல்கள் ஏறி வந்து குடியேறி, சாரத்தில் நின்று சுவர் கட்டுவதுபோல எலும்பைக் கட்டும். கட்டக் கட்ட சாரம் தானே கரைந்துபோகும். மறுபடி திறக்கவேண்டாம், உருவவேண்டாம், இடுப்பை வெட்டவேண்டாம். வெளிநாட்டில் இதன் உறவுமுறைப் பொருள்கள் விற்பனையில் இருப்பதாக மேடம் சொல்வார். எங்கள் பக்கத்து நோயாளிகள் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. மாட்டுத்தோலுக்குப் பஞ்சமே இல்லாத இந்த ஊரில் அதை நாமே செய்யலாமே என்பதுதான் அவருடைய பிடிவாதம்.

மாலையில் நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தையின் கேள்வி வந்துவிடும்: "இன்னா லேப்காரி, இன்னிக்கி இன்னா கொன்னே?" கிருமியைத்தான் கேட்கிறார். நானும் கணக்குச் சொல்வேன். அவருக்கு இதில் விளையாட்டு மட்டும் இல்லை. டாக்டர் அவரிடம் பேசியிருந்தார். இன்னொரு முறை புண் காய்ச்சலோடு கிளம்பினால், சீழ் ரத்தத்தில் கலப்பதற்கு முன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி என்றிருந்தார். அத்தை அன்று கேட்ட ஒரே கேள்வி, "அப்போ பெடலு?" என்பது. டாக்டருக்குப் புரியவில்லை.

முதலில் நாங்கள் மாட்டுக்காலின் தசைநாரிலிருந்துதான் ஸ்பான்ஜ் செய்துகொண்டிருந்தோம். சுத்தம் செய்யவே நாள் போய்விடும், கிடைப்பது கைப்பிடி. பிறகு ஒரு டேனரியில் பேசி, தோலைக் குறுக்கே சீவும்போது கழியும் அடிப்பாகத்தை வாங்க ஆரம்பித்தோம். சாயமோ பதனிடும் குரோம் உப்போ ஏறாத, சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்த வெள்ளைத் தோல். தேவைக்கு மேலேயே கிடைத்தது. அரைத்தோம், ஊற்றினோம், உலர்த்தினோம். கிருமி பரப்பிய தட்டுகளின் நடுவே ஸ்பான்ஜ் வில்லைகளை வைத்தோம். மருந்து வேலைசெய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு தெளிந்த வட்டம் தெரியும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே கலக்காத வெறும் ஸ்பான்ஜையும் ஒரு தட்டில் வைப்போம். அதைச் சுற்றி வட்டம் வரக்கூடாது. வந்திருந்தது. நல்ல அகலமாக, காம்பஸ் வைத்துப் போட்டதுபோல.

நான் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று மேடம் நினைத்தார். திரும்பச் செய்தோம். திரும்பவும் வட்டம். வேறு கிருமியில் செய்தோம். வட்டம். அந்த நாள்கள் எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தன. மருந்தே இல்லாமல் கிருமியைக் கொல்லும் ஸ்பான்ஜ்! மருந்து கசிந்து தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லை, மருந்துக்குப் பழகிய கிருமி என்ற பயம் இல்லை. நாரைப் பிரித்தெடுக்கும் எங்கள் முறையில்தான் ஏதோ புதுக் குணம் வந்திருக்கிறது என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னோம். யாரையும் பாராட்டாத மேடம் எல்லோருக்கும் சமோசா வாங்கிவரச் சொன்னார். அந்த வாரம் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க ஒரு மருந்து வாடை வருதே, உங்களுக்கெல்லாம் வரல்லியா?" என்றார். நாங்கள் சிரித்தோம். "எங்க ஊருக்கு வந்துட்டீங்க சார், பழகிடும்" என்றோம்.

இதை நான் வீட்டில் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அத்தை கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஜாஸ்தி இருந்தா ஒண்ணு குடேன். எங்கால்ல எடம் இருக்குது" என்றார். அடுத்த சில நாள்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கால் முழங்கால்வரை சிவந்து, தொட்டால் சுட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி ஏற்றினார்கள். காய்ச்சல் மாலையில் இறங்கும், காலையில் ஏறும்.

அப்பா சாதுவான மனிதர். பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. யாரிடமும் எதையும் கேட்டு நிற்பது அவருக்குப் பிடிக்காது. அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறி மேடத்தைப் பார்க்க வந்தார். நின்றுகொண்டே பேசினார். "உங்க பொருள டாக்டர்கிட்ட குடுத்து வெக்கச் சொன்னா போதும் மேடம். கையெழுத்து எங்க வேணாலும் போடறேன்" என்றார். மேடம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "சார், எங்கிட்ட இருக்கறது இன்னும் மருந்து இல்ல. எலும்புச் செல் மேல வெச்சுப் பாக்கணும். அப்புறம் முயல். அதுக்கப்புறம்தான் மனுஷங்க" என்றார். "அதுக்குள்ள எந்தங்கச்சி கால் போயிடும் மேடம்." மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "போனாலும் போகலாம் சார்" என்றார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தார். மாதனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "படிச்ச பொம்பளைக்கு மனசு கல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த ஸ்பான்ஜ்கள் அடுக்கியிருந்த பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். எடுத்துக்கொண்டு போனாலும் டாக்டர் கையால் தொடமாட்டார் என்பது தெரியும். ஆனாலும் அந்த வெள்ளை வில்லைகளைப் பார்க்கப் பார்க்க, அத்தையின் கால் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, எடுக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்றே தோன்றியது.

மேடம் அன்றே செல் சோதனையைத் தொடங்கிவிட்டார். வளர்த்து வைத்திருந்த எலும்புச் செல்களை ஸ்பான்ஜின் மேல் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்தோம். செல் உயிரோடு இருந்தால் நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும்: இடம் பிடித்த பயணி போலக் கை காலை நீட்டிப் படுத்திருக்கும். மேடம்தான் முதலில் பார்த்தார். தட்டை மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ஒன்றுகூட நீட்டிப் படுத்திருக்கவில்லை. எல்லாம் சுருண்டு, உருண்டையாக, ஒட்டாமல் மிதந்தன. கிருமியைக் கொன்றது எதுவோ அது எலும்புச் செல்லையும் விட்டுவைக்கவில்லை.

நாகர்கோவில்காரர்தான் முதலில், "மேடம், நான் வந்த அன்னிக்குச் சொன்னேனே, அந்த வாடை..." என்று இழுத்தார். மேடம் பெட்டியைத் திறந்து ஒரு வில்லையை எடுத்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. எங்கள் தெருவில் காற்றடித்தால் வருவது எதுவோ அதுதான் வந்தது. அந்தக் கணத்தில் இருவருக்கும் உறைத்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க டேனரியில் ஊறப்போடும்போதே ஒரு கிருமிநாசினியை ஊற்றுவார்கள். இது இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. வேறு எந்த ஊர் ஆய்வுக்கூடமாக இருந்தாலும் தோல் வந்து இறங்கிய அன்றே மூக்கைப் பொத்திக்கொண்டு, இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை. மாடு அறுக்கும் இடத்திலிருந்தே நேராகத் தோல் வாங்கிவந்து, எதுவும் போடாமல் கழுவி, ஸ்பான்ஜ் செய்து பார்த்தோம். வட்டம் வரவில்லை. செல்கள் கை காலை நீட்டிப் படுத்துக்கொண்டன. எங்களுடைய புதுக் குணம் டேனரித் தொட்டி மருந்துதான்.

 அப்பா கேட்டபடி நடந்திருந்தால் அத்தையின் எலும்புக்குள் அதைத்தான் வைத்திருப்போம். மேடம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "உங்க அப்பா வந்து நின்னது அன்னிலேர்ந்து கண்ணுலயே நிக்குதும்மா. குடுத்துடலாமான்னு நானும் யோசிச்சேன்" என்றார். கல் மனசு என்று நாங்கள் பேசியது இவரைத்தான்.

அந்த வாரத்தில் அத்தையின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நல்ல ஸ்பான்ஜ் வரும்வரை காலும் காய்ச்சலும் காத்திருக்காது. அத்தை டாக்டரிடம், "எடுத்துடுங்க சார். நான் வேலைக்குப் போவணும்" என்றாராம். அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அத்தையிடம் ஸ்பான்ஜின் கதையைச் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார் அம்மா. அத்தை கடைசிவரை கேட்டார். "அப்போ டேனரி மருந்த எங்கால்ல வெச்சிருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன். "கால் அழுகாம இருந்திருக்கும்டி. அப்புறம் கம்பெனிக்கு எடுத்துக்கினு போயி அப்பர் தெச்சிருக்கலாம்." சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவில் எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, "உங்க மேடத்துக்கு என் பேர்ல ஒரு தேங்க்ஸ் சொல்லு. அண்ணங்கிட்டயும் புரியறாப்ல சொல்லு" என்றார். அப்பாவுக்குப் புரிய நாளானது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சுட்ட அதிரசத்தை ஒரு தூக்குச்சட்டியில் போட்டு, மேடத்துக்கு என்று அவரே என்னிடம் கொடுத்தனுப்பினார். 

கம்பெனியில் அத்தையைச் செக்கிங் டேபிளில் உட்காரச் சொன்னார்கள். தைத்த அப்பரில் பழுது பார்க்கும் வேலை. காலுக்கு வேலை இல்லை, சம்பளமும் குறையாது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. பெடலை இடது பக்கம் மாற்றிக் கொடுத்தால் போதும் என்று சூப்பர்வைசரோடு மல்லுக்கு நின்றார். மெக்கானிக் ஒருவர் வந்து கம்பியை வளைத்து மாற்றிக் கொடுத்தார். வீட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு பலகையைச் சரித்துவைத்து, இரவெல்லாம் இடது பாதத்தால் அழுத்திப் பழகினார். தொடக்கத்தில் வளைவுகளில் ஊசி ஓடிப்போய் நிறையத் தோல் வீணானது. கேட்கக்கூடாத பேச்சும் கேட்டார். வந்து எங்களிடம் சொல்லித் திட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் மறுபடி போவார். வருஷம் திரும்புவதற்குள் தன் லைனில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். சர்ச்சில் முன் பெஞ்சுக்கு வந்தார். பிரசங்கத்தின்போது இப்போது இடது பாதம் அழுந்தி எழுந்தது.

எங்களுக்குத்தான் நாளானது. சுத்தமான தோல், சரியான மருந்து, கிருமி சாகும் ஆனால் செல் பிழைக்கும் அளவு என்று ஒவ்வொன்றுக்கும் மாதங்கள் போயின. முயலுக்கு வருவதற்குள் இரண்டாயிரம் பிறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. காலெலும்பில் கிருமி ஏற்றி, சுரண்டி, பள்ளத்தில் ஸ்பான்ஜ் வைத்தோம். சில முயல்களில் சரிவரவில்லை. பலவற்றில் வந்தது. நன்றாக வந்த ஒரு முயலின் எக்ஸ்ரே நகலை மேடத்திடம் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன்னுடைய எக்ஸ்ரேக்களை வருடக்கணக்கில் பார்த்தவர் என்பதால் எது எங்கே என்று அவருக்கு விளக்கவேண்டியதில்லை.

"இதுல நீங்க வெச்சது எங்க?"

"இல்ல அத்தை. கரைஞ்சிடுச்சு. அந்த எடத்துல இருக்கறது எலும்பு."

வெகுநேரம் பார்த்தார். "நடந்துச்சா?" என்றார். நன்றாக நடந்தது, கூண்டுக்குள் குதித்தது என்றேன். "இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டார். எலும்பை எடுத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முழுதும் உறுதியாகும், அதற்காக அதைக் கொல்லவேண்டியிருந்தது என்று சொன்னேன். அத்தை படத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி. நடக்க முடியாத என்ன வுட்டுட்டு, நடந்தத கொன்னீங்களா?" என்றார். "இன்னிக்கி இன்னா கொன்னே?" என்ற அவருடைய பழைய கேள்வி எனக்கு நினைவு வந்தது, அவருக்கும் வந்திருக்கவேண்டும். இருவரும் சிரித்தோம். பிறகு பொய்க்காலைத் தேய்த்து நடந்துபோய் அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துவந்து, சரத்தை என் கையில் போட்டார். "இத நீ வெச்சிக்கோ. இது வேணாம்னு சொல்லத்தானே இவ்ளோ வருஷமா வேலை செய்றே" என்றார்.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அத்தையும்தான். எங்கள் ஸ்பான்ஜ் மனிதர்கள்வரை போய்ச் சேரவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றது, ஆட்கள் மாறினார்கள், இப்போது வேறு யாரோ செய்த அதுபோன்ற பொருள் ஆஸ்பத்திரிகளுக்குப் பெட்டியில் வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு செய்முறை காட்டுவதை நான் விடவில்லை. காலையில் ஒரு கிண்ணத்தில், உடம்பில் இருப்பதைப்போல நாரை அரிக்கும் நொதி கலந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ஒரு துண்டு ஸ்பான்ஜையும் அத்தையின் சரத்தையும் சேர்த்துப் போட்டுவைப்பேன். முன்பு கை கழுவிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணின் முறை சென்ற வாரம் வந்தது. மாலையில் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். ஸ்பான்ஜ் இருந்த இடம் தெரியவில்லை. மணிகள் போட்டது போட்டபடி கிடந்தன. இந்தத் தடவை அவளே கையை விட்டுச் சரத்தை எடுத்துத் துடைத்தாள்.

"அக்கா, இது வெச்சப்புறம் உங்க அத்தைக்குக் கால் சரியாயிடுச்சா?"

"மணி இருக்குது பாரு, அப்படியே," என்றேன். "கால்தான் இல்ல."

அவள் அதை இழுப்பறையில் வைத்து மூடினாள். கை கழுவப் போகவில்லை.